கிராணி வீட்டுக் குரல்

படம் பிடிக்கிறவர்களின் வண்டி வாசலில் நிற்காமல் போனபோது, தங்கேஸ்வரி மாம்பழ நிறப் பட்டுச்சேலை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பிடித்தபடி நின்றாள். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, நடுவில் கறுப்புப் பெட்டிகள் ஏற்றிய வேன், பின்னால் இன்னொரு போலீஸ் வண்டி. கிராணி வீட்டுக்கு முன்னால் மூன்றும் வேகத்தைக் குறைத்தன. மேடு ஏறுவதற்காகத்தான் குறைத்தன என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. செம்மண் புழுதி எழுந்து குரோட்டன் இலைகளின்மேல் படிந்தது. வண்டிகள் தொழிலாளர் லயங்கள் இருந்த பக்கம் திரும்பிப் போய்விட்டன.

ரந்தாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கும் சம்பளமும் எழுதும் பெரிய கிராணி அவள் கணவர் குலசேகரம். போன வாரம் அலுவலகத்திலிருந்து வந்து கால் சப்பாத்தைக் கழற்றியபடியே செய்தி சொன்னவரும் அவர்தான். "கோலாலம்பூரிலையிருந்து அரசாங்கப் படம் எடுக்க வருகினமாம். தோட்டத்திலை இருக்கிற பொம்பிளை ஒருத்தி வேணுமாம். வடிவாக் கதைக்கத் தெரிஞ்சவளா இருக்கவேணுமெண்டு துரை சொன்னவர்." தங்கேஸ்வரி கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். தோட்டத்தில் வடிவாகக் கதைக்கத் தெரிந்தவள் வேறு யார்? யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மேடையில் அரசியாக நின்றவள் அவள். அவள் வசனம் பேசி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பாதிரியார் எழுந்து நின்று கைதட்டியதை ஊரே பேசியது. அதன்பிறகு கல்யாணம், கப்பல், மலாயாவின் ரப்பர்க் காடு. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியுடன் திரியத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் இருவரும் ரஹாங்கில் மச்சாள் வீட்டில் நின்று படித்தார்கள். லயங்களையும் வீடுகளையும் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அவள் பேசுவதைக் கேட்பதற்கு இருந்தவர்கள் கணவரும், வீட்டு வேலைக்கு லயத்திலிருந்து வரும் செல்லமும்தான். கணவர் கேட்பதாகத் தெரியவில்லை. செல்லத்துக்குப் பாதி விளங்குவதில்லை.

பத்து மணிக்குமேல் செல்லம் பின்வாசல் வழியாக ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"நம்ம நீலாவதியத்தாம்மா புடிச்சிருக்காங்க. வெள்ளக்காரரு வரிசையா எல்லாரையும் பாத்தாரு. அவளப் பாத்ததும் நின்னுட்டாரு. தல சீவக்கூட விடல, அப்படியே நில்லுன்னுட்டாரு."

"ஆர் நீலாவதி?"

"சன்னாசி பொண்டாட்டிம்மா. மேட்டு நெரையில பாலுக்கு மரம் வெட்டுறா."

தங்கேஸ்வரி உள்ளே போய்ப் பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி உதறி மடித்தாள்.

மாலையில் குலசேகரம் ஒரு விருந்தாளியோடு வந்தார். மகாலிங்கம் என்ற இளைஞன், படக்காரர்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கிறவன். சொந்த ஊர் தங்கேஸ்வரியின் ஊருக்கு அடுத்த ஊர் என்று தெரிந்ததும் அவளுக்குக் காலையில் நடந்தது பாதி மறந்துபோனது. நல்ல தேநீர் போட்டாள். அவன் குடித்துவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பிரம்பு நாற்காலிகளையும், பூப்போட்ட திரைகளையும், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியையும் பார்த்தான்.

"அக்கா, ஒரு உதவி. லயத்து அறையளுக்குள்ளை வெளிச்சம் இல்லை. கேமராவை நிறுத்த இடமும் காணாது. எந்தக் கதவைத் திறந்தாலும் வேலிதான் தெரியுது."

"வேலியைப் பற்றின படமெண்டெல்லோ இவர் சொன்னவர்?"

"வேலியைப் பற்றித்தான். வேலி வந்தபிறகு சனம் நிம்மதியா இருக்குது எண்டதுதான் படம். ஆனா படத்திலை வேலி தெரிஞ்சால் மறியலுக்குள்ளை அடைச்சு வைச்ச மாதிரி இருக்குதெண்டு டைரக்டர் சொல்லுறார். உங்கட வீட்டை ரெண்டு நாளைக்குத் தந்தால், இதையே அந்தப் பிள்ளையின்ர வீடா எடுத்துப்போடலாம்."

குலசேகரம் உடனே சரி என்றார். மகாலிங்கம் கேட்டது தங்கேஸ்வரியை. தலையாட்டியது அவர்.

மறுநாள் காலை நீலாவதி கிராணி வீட்டின் முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். அதுவரை லயத்திலிருந்து யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. அவள் வாசலிலேயே தயங்கிக் காலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து வெள்ளைக்காரர் கையால் வா வா என்று அழைத்தார். தங்கேஸ்வரி அடுக்களை நிலையில் நின்று அவளைப் பார்த்தாள். கறுப்பு. மேல்வரிசையில் ஒரு பல் மற்றவற்றைவிட முன்னால் வந்திருந்தது. ரப்பர் பால் பட்டுப் பட்டுக் கைவிரல்கள் தடித்திருந்தன. அழகி என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்ப முடியவில்லை. அதுதான் தங்கேஸ்வரியை வருத்தியது. எங்கே அந்த வசீகரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். கண்ணிலா, கழுத்திலா, சும்மா நிற்கிற நிலையிலா? தேடத்தேட எரிச்சல் கூடியது. நீலாவதி பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். சாய்ந்தாள். தங்கேஸ்வரியின் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டாள். தங்கேஸ்வரியின் திரையை விலக்கி வெளியே பார்த்து, வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருப்பவள்போல் நின்றாள்.

"அக்கா, உங்கட நிழல் சுவரிலை விழுகுது" என்றான் மகாலிங்கம். "கொஞ்சம் குனிஞ்சு இருங்கோ."

அவள் அடுக்களைத் தரையில், செல்லத்துக்குப் பக்கத்தில், அரிசிச் சுளகுக்கும் விறகுக்கும் நடுவே குந்தியிருந்தாள். தன் கூடத்தில் இன்னொருத்தி குடித்தனம் நடத்துவதை, குனிந்த தலைக்கு மேலாகக் காதால் கேட்டாள். நீலாவதி பேசவேண்டிய இடம் வந்தது. வேலி வருவதற்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, மனதில் படுவதைச் சொல் என்றார்கள்.

"முன்னயெல்லாம் பொழுது சாஞ்சா பயந்தாங்க. யாரு வந்து கதவத் தட்டுவாங்களோன்னு தூக்கமே வராது. இப்ப வேலி போட்டுட்டாங்க. யாரும் உள்ள வர முடியாது. நாங்களும் வெளிய போவ முடியாது. எங்க பசுமாடு ஒன்னு அன்னிக்கு வெளிய மேயப்போயி மாட்டிக்கிச்சு. ராவெல்லாம் கத்துச்சு. தெறந்துவிடுங்கன்னு கெஞ்சினோம், விடல. காலையில பாத்தா மடி கட்டி நிக்குது."

கேமரா ஓடியது. வெள்ளைக்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அவர் மெய்மறந்து நின்றார். மகாலிங்கம் மட்டும் தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தான். அடுக்களையில் தங்கேஸ்வரிக்கு அன்று முதன்முதலாகக் கொஞ்சம் இதமாக இருந்தது.

அந்த இதம் வீண்போகவில்லை. அடுத்த நாள் நீலாவதியை மைல்கணக்கில் தள்ளியிருக்கும் லிங்கி ஆற்றுக்குக் கூட்டிப்போய் அங்கே துணி துவைப்பதுபோல் எடுத்துவிட்டு வந்த மகாலிங்கம், போகும் முன் தங்கேஸ்வரியைத் தனியாகக் கேட்டான். "அந்தப் பிள்ளை கதைக்கிற தமிழ் சபைக்கு ஏறாது, அக்கா. மாட்டின்ர கதையையும் போடேலாது. நீங்கள் கோலாலம்பூருக்கு வந்து குரல் தரவேணும். எழுதித் தாறன். வாசிக்கிற மாதிரி வேண்டாம். வீட்டிலை கதைக்கிற மாதிரி, இயல்பாச் சொன்னால் காணும்."

குலசேகரம் முதலில் யோசித்தார். துரையே கேட்டதாகச் சொன்னதும் சம்மதித்தார். கோலாலம்பூரில், சுவரெல்லாம் சாக்கு அடித்த ஓர் அறையில், தங்கேஸ்வரி ஒலிவாங்கியின் முன் நின்றாள். எதிரே சிறிய திரையில் நீலாவதியின் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடியது. அது திறக்கும்போது இவள் பேசவேண்டும், மூடும்போது நிறுத்தவேண்டும். முதலில் தடுமாறினாள். பிறகு அந்த உதடுகளை வெறித்துப் பார்த்துப் பார்த்து, அவை பிரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மூச்சு எடுக்கப் பழகினாள். "இது எங்கட வீடு. இப்ப ஒரு பயமும் இல்லை. பிள்ளையள் நிம்மதியா நித்திரை கொள்ளுதுகள்." ரஹாங்கில் தூங்கும் தன் பிள்ளைகளை நினைத்து அவள் அதைச் சொன்னபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குத் தொண்டையில் தேன் தடவியதுபோல் இருந்தது. முகம் யாருடையதாக இருந்தால் என்ன? ஒரு முகத்துக்கு உயிர் குரல்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

படம் முடிந்து தோட்டத்துக்கு வந்தது. பந்து விளையாடும் திடலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஊரடங்கைக் கொஞ்சம் தள்ளிவைக்கத் துரை அனுமதி வாங்கியிருந்தார். முன்வரிசை நாற்காலிகளில் துரையின் குடும்பம், அடுத்த வரிசையில் கிராணிமார், பின்னால் புல்லில் லயத்து ஜனம் மொத்தமும். துணியில் நீலாவதியின் முகம் ஆள் உயரத்துக்கு மேல் விரிந்ததும் திடல் முழுக்க ஒரு மூச்சு எழுந்தது. அவள் கதவைத் திறந்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். வாயைத் திறந்தாள். தங்கேஸ்வரியின் குரல் வண்டிமேல் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டு, திடலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் போனது. தங்கேஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தாள்.

"பிள்ளையள் நிம்மதியா நித்திரை கொள்ளுதுகள்."

பின்னாலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு புல்வெளி மொத்தமும் சிரித்தது. "நீலாவதி எப்படா யாழ்ப்பாணம் போயிட்டு வந்தா?" என்று எவனோ கத்தினான். "சன்னாசி, ஒம்பொண்டாட்டிக்கு ஏதுடா பெரம்பு நாக்காலி? நமக்கெல்லாம் காட்டவே இல்லியே." துணியில் நீலாவதி லிங்கி ஆற்றில் துணி துவைத்தபோது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேலிதான், ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது, நீலாவதி உட்கார்ந்திருந்த பக்கம். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிறுமிகள் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். துரையின் மனைவி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தங்கேஸ்வரியின் பக்கம் திரும்பிய ஒரே ஆள் குலசேகரம். "கால் மரத்துப்போச்சு, போவமே?" என்று கேட்டார்.

பிறகு பத்திரிகையில் அது பெரிய சண்டையானது. படம் பல தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் போயிருந்தது. ஞாயிறுதோறும் குலசேகரம் வாசகர் பக்கத்தை விரித்து உரக்க வாசிப்பார். பால்மரம் வெட்டும் பெண் பிரம்பு நாற்காலியில் உட்காருவது எந்த நாட்டுத் தோட்டத்தில் என்று ஒருவர் கேட்டிருந்தார். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டிவிட்டுத் துணி துவைக்க லிங்கி ஆற்றுக்கு நடந்தால், துணி காய்வதற்குள் ஊரடங்கு வந்துவிடுமே, சிறகு முளைத்த பெண்ணோ என்று இன்னொருவர். நம் தோட்டத்து ஜனத்தின் வாயில் கிராணிமார் தமிழைத் திணிப்பதா, சம்பளத்தைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள், பேச்சையுமா அவர்களே பேசவேண்டும் என்று ஓர் ஆசிரியர் கொதித்திருந்தார். தோட்டத்தில் பேசுவது தமிழே அல்ல, பாதி மலாய், மீதி வசவு, அதைப் படத்தில் போட்டால் தமிழுக்கே இழுக்கு என்று அதற்கு ஒரு பதில். அந்தப் பதிலுக்கு நாலு பதில். எந்தக் கடிதத்திலும் நீலாவதியின் முகத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு ஞாயிறு அவள் படத்தையே போட்டிருந்தார்கள். தங்கேஸ்வரியின் ஜன்னலருகே, தங்கேஸ்வரியின் திரையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஒரே ஒரு கடிதம், சிரம்பானிலிருந்து வந்தது, எல்லாச் சண்டைக்கும் அப்பால் நின்று பேசியது. மொழி எதுவானாலும் அந்தக் குரல் இனிமை, அது யாருடையது என்று அறிய ஆவல் என்று எழுதியிருந்தது. தங்கேஸ்வரி அந்த வாரம் முழுவதும் பாடிக்கொண்டே சமைத்தாள். அடுத்த ஞாயிறு பதில் வந்தது. அது சிங்கப்பூர் வானொலியில் செய்தி வாசிக்கும் மங்கையற்கரசியின் குரல்தான், கேட்டவுடன் தெரிந்துகொண்டேன் என்று யாரோ ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அதற்கு யாரும் மறுப்பு எழுதவில்லை.

"நான் எழுதப் போறன்" என்றாள் தங்கேஸ்வரி.

"என்னெண்டு?"

"அது என்ரை குரலெண்டு. வீடும் என்ரையெண்டு."

குலசேகரம் பத்திரிகையை மடித்தார். "நீர் விளையாடுறீரோ? வீட்டை ஏன் குடுத்தனி எண்டு துரை இப்பவே முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறார். இவ்வளவு சண்டைக்குள்ளை பெயரையும் குடுத்தால் என்ரை வேலை என்னாகும்? பேசாமல் இரும்."

அவள் எழுதவில்லை. வீடு நீலாவதிக்குப் போனது. குரல் ஒரு சிங்கப்பூர்க்காரிக்குப் போனது. தனக்கென்று மிஞ்சியது அடுக்களையில் குந்தியிருந்ததுதான் என்று நினைத்தாள். வானொலியில் மங்கையற்கரசி செய்தி வாசிக்கும் நேரத்துக்கு அதைப் போட்டுக் கேட்டாள். தகரத்தில் நகத்தால் கீறுவதுபோல் இருந்தது. இதையா என் குரல் என்கிறார்கள்? ஆனாலும் அடுத்த நாளும் கேட்டாள்.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை நீலாவதி பின்வாசலில் வந்து நின்றாள். முன்வாசல் இப்போது அவளுக்கு நினைவில் இல்லாததுபோல் இருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அம்மா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்கக்கூடாது."

"சொல்லு."

"கண்ட கண்ட தோட்டத்திலேருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. என்னப் பாக்கணும்ங்கிறாங்க. பாத்துட்டு, பேசு பேசுங்கிறாங்க. நான் வாயத் தொறந்தா சிரிக்கிறாங்கம்மா. படத்துல பேசுனது நீ இல்லியாங்கிறாங்க. எங்க வீட்டுக்காரருகூட, ஒன் மூஞ்சிக்குள்ள எவளோ ஒருத்தி ஒக்காந்திருக்கான்னு குத்திக்காட்டுறாரு." அவள் சீப்பைக் கை மாற்றிக்கொண்டாள். "அன்னிக்கு நான் நல்லாத்தாம்மா பேசுனேன். மாடு கத்துனதச் சொன்னப்ப எனக்கே அழுக வந்துச்சு. அத எடுத்துட்டாங்க. ஒங்கள மாதிரி நாலு வார்த்த பேசக் கத்துக்குடுத்தீங்கன்னா..."

தங்கேஸ்வரி வாழைப்பழத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கும் தன்மேல் பொறாமை இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு நொடி இனித்தது. அடுத்த நொடி பயம் வந்தது. நாற்காலி, கண்ணாடி, திரை எல்லாம் கொடுத்தாயிற்று. மிஞ்சியிருப்பதையும் வாழைப்பழத்தோடு வந்து கேட்கிறாள்.

"அது பழகி வாறதில்லை" என்றாள். "அது உனக்கு வராது."

நீலாவதி தலையை ஆட்டினாள். வாழைப்பழத்தை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். அது இரண்டு நாள் அங்கேயே இருந்தது. பிறகு செல்லம் எடுத்துக்கொண்டாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் செல்லம் வேலைக்கு வரவில்லை. பத்து மணித் தேநீருக்கு வந்த குலசேகரத்தின் சட்டை தோள்வரை நனைந்திருந்தது. உட்காராமலே சொன்னார். மேட்டு நிரையில் நீலாவதி வெட்டும் மரங்களை மட்டும் இரவோடிரவாக யாரோ பாராங்கத்தியால் கொத்திப் போட்டிருந்தார்கள். பக்கத்து நிரையில் ஒரு கீறல் இல்லை. காட்டுக்காரர்களின் வேலைதான் என்று துரை சொல்கிறார். அரசாங்கப் படத்தில் நடித்ததற்கு எச்சரிக்கை. அடுத்தது மரமாக இருக்காது என்று லயத்தில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்.

"ஆனா இன்ஸ்பெக்டர் நம்பேல்லை" என்றார். "வேலிக்கு உள்ளை இருக்கிற ஆக்களாயும் இருக்கலாமாம். அவளிலை ஆருக்காவது எரிச்சலோ எண்டு கேட்டவர்."

தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். பார்த்தது அவருக்கே பிடிக்காததுபோல் உடனே கோப்பைக்குள் பார்வையைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொன்னனான்."

அவர் போனபிறகும் அந்தப் பார்வை கூடத்தில் நின்றது. தங்கேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் அவளைக் கலக்கியது. மரங்களை வெட்டியது இவள் கையல்ல. ஆனால் செய்தியைக் கேட்டதும் முதலில் எழுந்த எண்ணம் எது? ஐயோ பாவம் என்பதல்ல. காட்டுக்குள் ஒளிந்திருப்பவனுக்குக்கூட நீலாவதியின் நிரை எது என்று தெரிந்திருக்கிறதே என்பதுதான். அந்த எண்ணத்தைத் தன்னிடமிருந்தே ஒளிக்க இடம் தேடுபவள்போல் அடுக்களைக்குள் போனாள். வெறுந்தேநீர் காய்ச்சிப் பிளாஸ்க்கில் ஊற்றினாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

வேலியின் வாயிற்கதவில் மலாய்க் காவலாளி அவளைக் கண்டு எழுந்து நின்றான். வேலிக்கு வெளியே சாப்பாட்டுப் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்பது சட்டம். கிராணி மனைவியைச் சோதிக்க அவனுக்குக் கூச்சம். பிளாஸ்க்கைக் காட்டி, "குலா?" என்று மெதுவாகக் கேட்டான், சீனி போட்டிருக்கிறதா என்று. இல்லை என்று தலையசைத்தாள். விட்டான்.

தோட்டத்தில் இத்தனை வருடம் இருந்தும் அவள் மரங்களுக்குள் நடந்ததில்லை. நிழல் பச்சையாக, ஈரமாக இருந்தது. காலில் சருகு ஒட்டியது. மேட்டில் ஒரு போலீஸ்காரன் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றான். அவனுக்கு அப்பால் செல்லமும் வேறு சில பெண்களும் கும்பலாக நின்றிருந்தார்கள். நீலாவதி மட்டும் தனியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பட்டையில் சாய்வாக, நூல்பிடித்ததுபோல் ஓடும் வெட்டு எதுவும் அங்கே மிஞ்சவில்லை. குறுக்கும் நெடுக்குமாக, உள்மரம் தெரியக் கொத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கொத்திலிருந்தும் பால் வழிந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு, மண்ணில் போய்ச் சேர்ந்தது. பால் பிடிக்கும் மங்குகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன.

தங்கேஸ்வரி தேநீரைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினாள். நீலாவதி வாங்கிக் குடித்தாள்.  முகம் அழுத முகமாக இல்லை. அப்போதும் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எங்க போறதுன்னு எங்க வீட்டுக்காரரு யோசிக்கிறாரு" என்றாள். "லிங்கிப் பக்கம் அவங்க அக்கா இருக்காங்க. ஆனா எங்க போனா என்னம்மா? மூஞ்சியக் கழட்டி வச்சிட்டா போவ முடியும்?"

"நீ ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் தங்கேஸ்வரி. "வேலி நல்லது, பயமில்லை எண்டு சொன்னது நான். என்ரை குரலுக்குத்தான் வெட்டியிருக்கிறாங்கள். உனக்கில்லை, எனக்குத்தான்."

ஆறுதலாகத்தான் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடித்தபோது அது வேறொன்றாகத் தன் காதில் விழுந்தது. நீலாவதி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.  கோபமாகத் தெரியவில்லை. ஏதோ கணக்கு ஒன்று அப்போதுதான் புரிந்ததுபோல் அந்த முன்பல் கொஞ்சமாகத் தெரிந்தது.

"இதுவும் ஒங்களுக்கு வேணுமாம்மா?"

 நீலாவதி மூடியைத் திருப்பி அவள் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். குனிந்து மங்குத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள், காலில் குத்திவிடாதபடி ஒவ்வொன்றாக. செல்லமும் மற்றப் பெண்களும் வந்து கூடச் சேர்ந்தார்கள். யாரும் தங்கேஸ்வரியைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

அவள் எதிரே இருந்த மரத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு கொத்து ஆழமாக இருந்தது. அதன் கீழ்நுனியில் பால் திரண்டு, கனத்து, விழுந்துகொண்டிருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அவள் பிளாஸ்க் மூடியை அதன் கீழே பிடித்தாள். அடியில் மிஞ்சியிருந்த கறுப்புத் தேநீரில் முதல் சொட்டு விழுந்து வெள்ளையாக விரிந்தது. கையை எடுத்தால் மறுபடி மண்ணில்தான் போகும். அவள் கையை எடுக்காமல் நின்றாள்.